நேரே செல்க: ஓர் ஆங்கிலத் தொடரும் அதன் சுற்றமும்



ஆண்டு மலருக்கு ஒரு மொழிப்பாடம் எழுதித் தருதல் நமது வழக்கம். இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்டது இரண்டே சொற்களாலான ஓர் ஆங்கிலத் தொடர். ‘கோ ஸ்ட்ரெயிட்’ என்பது அது. ‘நேரே செல்க’ என்பது அதன் பொருள். இதில் கற்பதற்கு என்ன இருக்கிறது என்று நான்காம் ஆண்டு மாணவன்கூடக் கேட்பான். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த நாள்முதல் இத்தொடரைக் கற்பித்து வருகிறோம். கரும்பலகையில் ஒரு நாற்சந்தி வரைவோம். அதன் நடுவே வெண்கட்டியால் ஓர் அம்புக்குறி இடுவோம். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ‘கோ ஸ்ட்ரெயிட், டர்ன் லெஃப்ட், டர்ன் ரைட்’ என்று முழங்கும். கரும்பலகையில் இட்ட அம்பு ஒருநாளும் வழி தவறியதில்லை. வழி தவறியது சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையில். தவறச் செய்தவரும் நாமேயாவோம். அதனை முதலில் சொல்லிவிட்டுப் பாடத்திற்குள் நுழைவோம்.

ஜோகூரில் உள்ள நம் தோட்டத்தினருக்குச் சிங்கப்பூர் தொலைதூர நாடு அன்று. 1924-ஆம் ஆண்டில் முறைப்படி திறந்து வைக்கப்பெற்ற கடற்பாலம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய நீளமுடையது. பொழுது புலருமுன்னரே அதனைக் கடந்து வேலைக்குச் செல்வோர் பல்லாயிரவர். நம் பள்ளியில் பயின்றவர்களும் அவர்களுள் உண்டு. காவலராகவும், துப்புரவுப் பணியாளராகவும், ஓட்டுநராகவும், கிடங்குகளில் பொருள் அடுக்குவோராகவும் அவர்கள் அங்கே உழைக்கின்றனர். அவர்களுடைய காதில் நாள்தோறும் விழும் ஆங்கிலம் கதைப்புத்தக ஆங்கிலம் அன்று. ‘இங்கே வா, அங்கே போ, இதைக் கொண்டுபோய்க் கொடு’ என்னும் ஆங்கிலமே. ஆகவேதான் சென்ற ஆண்டு விடுமுறையில் ஆறாம் ஆண்டு மாணவர்களையும் துணைக்கு வந்த பெற்றோர் சிலரையும் வாடகைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு லிட்டில் இந்தியா வட்டாரத்தைக் காணச் சென்றோம். தமிழ் முகங்கள் நிறைந்த இடத்தில் ஆங்கிலத்தில் வழி கேட்டுப் பழகட்டும் என்பது நமது எண்ணம்.

தேக்கா நிலையத்தருகே இறங்கினோம். 2015-ஆம் ஆண்டில் கேம்பல் லேனில் திறக்கப்பெற்ற இந்திய மரபுடைமை நிலையத்தைப் பார்த்து முடித்தபோது நண்பகல் கடந்துவிட்டது. தாயார் ஒருவர், செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை பார்ப்பவர், தம் மகனோடு தேக்காச் சந்தையில் சில பொருள் வாங்கிக்கொண்டு பின்னால் வருவதாகக் கூறினார். நாம் மற்றவர்களை அழைத்துக்கொண்டு சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குப் புறப்பட்டோம். புறப்படுமுன் அவரிடம், ‘இந்தச் சாலையிலேயே நேராக வாருங்கள் அம்மா, கோயில் வந்துவிடும்’ என்றோம். மகனை நோக்கி, பாடம் மறவாதிருக்கும் பொருட்டு, ‘கோ ஸ்ட்ரெயிட்’ என்று ஆங்கிலத்திலும் சொல்லி வைத்தோம். வகுப்பறைப் பழக்கம் எந்நாட்டிற்குச் சென்றாலும் நம்மை விடுவதில்லை.

அவர்கள் நேராகத்தான் வந்தார்கள். கோயிலும் வந்தது. ஆனால் அது வீரமாகாளியம்மன் கோயில். தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலையில் செல்வோருக்கு இடப்பக்கத்தில் முதலில் தென்படுவது அதுவே. 1855-ஆம் ஆண்டில் தோன்றிய பெருமாள் கோயிலும் அதே சாலையில், அதே இடப்பக்கத்தில்தான் உள்ளது. ஆனால் இன்னும் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். அம்மையார் அம்மன் கோயில் வாயிலில் நம்மைத் தேடினார். காணாமையால் அங்கேயே காத்திருந்தார். நாமோ பெருமாள் கோயில் வாயிலில் காத்திருந்தோம். அவருடைய கைப்பேசி கடற்பாலத்திற்கு இப்பால் வேலை செய்யவில்லை. அதற்குத் தனியே கட்டணம் கட்டியிருக்க வேண்டும்.

அரை மணி நேரம் சென்றபின், நம் பேருந்து எங்கே நிற்கும் என்று கேட்டுவரும்படி மகனை அனுப்பினார். பையன் சாலையோரத்தில் நின்ற சீன முதியவர் ஒருவரிடம் நல்ல ஆங்கிலத்திலேயே கேட்டான். அவரும் எதிரே தெரிந்த தெருவைக் கைகாட்டி, பேருந்துகளை ஜாலான் பெசாரில் கேட்டுப் பார்க்கும்படியும், அதற்கு ‘கோ ஸ்ட்ரெயிட் டவுன்’ என்றும் சொன்னார். இங்கே பையனுக்கு இரண்டு ஐயங்கள் எழுந்தன. ‘டவுன்’ என்றால் கீழே. அந்தத் தெருவோ கீழிறங்கவில்லை, சமதரையாகவே இருந்தது. ‘ஜாலான் பெசார்’ என்றால் பெரிய சாலை. நம் தோட்டத்தில் லாரிகள் ஓடும் பெரிய சடக்கை நாம் அப்படித்தானே சொல்கிறோம்? அவன் நின்றுகொண்டிருந்ததும் ஒரு பெரிய சாலை. ஆகவே தான் ஏற்கனவே ஜாலான் பெசாரில்தான் நிற்பதாக முடிவு செய்து, தாயாரிடமே திரும்பிப் போனான். சிராங்கூன் சாலைக்கு வலப்பக்கத்தில், ஏறத்தாழ அதற்கு இணையாக ஓடும் வேறொரு சாலைக்கு ‘ஜாலான் பெசார்’ என்பதே பெயர் என்பதை அவன் அறியான். நாம் அவனுக்குச் சொல்லவும் இல்லை.

நாம் திரும்பி நடந்து அவர்களைக் கண்டுபிடித்தபோது ஒன்றரை மணி நேரம் கழிந்திருந்தது. அதன்பின் கடற்பாலத்தில் மாலை நேர நெரிசல். தோட்டத்தை அடைந்தபோது நள்ளிரவு கடந்துவிட்டது. மறுநாள் விடியற்காலைப் பெரட்டுக்கு அந்த அம்மையாரால் எழுந்து செல்ல இயலவில்லை. ஒரு நாள் கூலி போயிற்று. அதனை ஈடுசெய்ய நாம் முன்வந்தோம். அவர் வாங்க மறுத்துவிட்டார். ‘வாத்தியாரய்யா, நீங்க கோயிலுன்னுதானே சொன்னீங்க? நான் கோயில்லதான் நின்னேன்’ என்று மட்டும் சொன்னார். அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆயினும் அச்சொல் நம்மை இந்த ஆண்டு முழுவதும் விடவில்லை. அதனால் எழுந்ததே இப்பாடம்.

இனிப் பாடத்திற்கு வருவோம்.

‘ஸ்ட்ரெயிட்’ என்னும் சொல், ‘நீட்டி இழு’ என்று பொருள்படும் பழைய ஆங்கில வினையிலிருந்து பிறந்தது. ‘ஸ்ட்ரெச்’ என்று இன்று நாம் வழங்கும் சொல்லுக்கு அது உடன்பிறப்பு. கயிற்றை இரு முனையிலும் பிடித்து இழுத்தால் அது வளைவின்றி நிற்குமல்லவா? அந்த நிலையே ‘ஸ்ட்ரெயிட்’. தோட்டத்தில் கன்று நடும்போது கயிறு கட்டி வரிசை பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இச்சொல்லின் பிறப்பை விளக்க வேண்டுவதில்லை. இதே ஒலியுடைய வேறொரு சொல்லும் உண்டு. அதன் எழுத்துக்கூட்டலில் ‘ஜி’, ‘எச்’ என்னும் இரண்டு எழுத்துகள் இரா. அது இலத்தீன் மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது; ‘ஒடுங்கியது, நெருக்கமானது’ என்பது பொருள். இரு நிலங்களுக்கிடையே ஒடுங்கிய கடலை, அதாவது நீரிணையை, அச்சொல்லால் குறிப்பர். கடற்பாலத்தின் கீழே கிடப்பது ஜோகூர் நீரிணை. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை சேர்ந்த பழைய ஆட்சிப் பகுதிக்கு ‘ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்’ என்று பெயர் வந்ததும் இந்த ஒடுங்கிய கடலால்தான். நேரான சாலையால் அன்று. தேர்வில் இவ்விரண்டையும் மாற்றி எழுதுவோர் ஆண்டுதோறும் நால்வராவது இருக்கின்றனர்.

நம் தமிழிலும் நேர்மைக்கும் நேர்கோட்டிற்கும் உறவுண்டு. ‘நேர்’ என்பதிலிருந்தே ‘நேர்மை’ வந்தது. ‘செம்மை’ என்றால் வளைவின்மை. அதனால்தான் நல்ல அரசனின் கோல் செங்கோல். வளைந்த கோல் கொடுங்கோல். ஆங்கிலத்திலும் சிறை மீண்ட ஒருவன் திருந்தி வாழ்வதைக் குறிக்க ‘கோ ஸ்ட்ரெயிட்’ என்றே சொல்வதுண்டு. இது வெறும் அழகுக்குறிப்பு. வழி கேட்போருக்கு உதவாது. மேலே செல்வோம்.

வழி சொல்லும்போது ‘கோ ஸ்ட்ரெயிட்’ என்பதற்கு ஒரே பொருள் அன்று, குறைந்தது இரண்டு பொருள் உண்டு என்பதே நாம் கரும்பலகையில் காட்டத் தவறியது. நாற்சந்தியில் நிற்கும் ஒருவருக்கு இதனைச் சொன்னால், ‘இடமும் திரும்பாதே, வலமும் திரும்பாதே’ என்பது பொருள். அங்கே ‘ஸ்ட்ரெயிட் அஹெட்’, ‘ஸ்ட்ரெயிட் ஆன்’ என்னும் தொடர்களையும் வேறுபாடின்றி வழங்கலாம். பிரிட்டிஷ் வழக்கில் பின்னது மிகுதி. மலாயில் இதுவே ‘தெருஸ்’ அல்லது ‘ஜாலான் தெருஸ்’. நம் தமிழில் ‘நேரே’.

ஆனால் நெடுந்தூரம் செல்ல வேண்டிய ஒருவருக்கு இதனைச் சொன்னால் பொருள் மாறுகிறது. ‘இந்தச் சாலையை விட்டு விலகாதே’ என்பதே அங்குக் கருத்து. சாலை வளையலாம், வளைந்தால் நாமும் வளைய வேண்டும். நீட்டிப் பிடித்த கயிறு இங்கே பொருந்தாது. இவ்விடத்திற்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள் உள. ‘ஃபாலோ திஸ் ரோடு’ என்றால் சாலை போகிற போக்கிலே போ என்பது. ‘கீப் டு திஸ் ரோடு’ என்றால் வேறு சாலைக்கு மாறாதே என்பது. ‘கேரி ஆன் அலாங் திஸ் ரோடு’, ‘கீப் கோயிங்’ என்றால் நிற்காமல் தொடர்ந்து செல் என்பது. தமிழில் இதற்கு ‘நெடுக’ என்னும் அருமையான சொல் இருக்கிறது. ‘சாலை நெடுகப் போ’ என்று நம் பாட்டிமார் சொல்வர். ‘நேரே’ என்பது திசையைச் சொல்கிறது. ‘நெடுக’ என்பது நீளத்தைச் சொல்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கருதிவிட்டால், சாலை வளையுமிடத்தில் நேரே நடந்து சந்துக்குள் நுழைந்துவிட நேரும்.

சிங்கப்பூரில் இன்னொரு தொல்லையும் உண்டு. வழி ஒன்றாகவே இருக்க, பெயர் மாறிவிடும். நகரின் நடுவிலிருந்து வரும் சிலிகி சாலை, ரோச்சோர்க் கால்வாயைத் தாண்டியதும் சிராங்கூன் சாலையாகிறது; அது வெகுதூரம் சென்றபின் அப்பர் சிராங்கூன் சாலையாகிறது. ‘அப்பர்’ என்றால் மேல் என்பது அகராதிப் பொருள். ஆனால் அச்சாலை மலைமேல் ஏறவில்லை. நகரிலிருந்து மேலும் தள்ளிச் செல்கிறது என்பதே அப்பெயர் உணர்த்துவது. அப்பர் தாம்சன், அப்பர் புக்கிட் தீமா என்னும் பெயர்களும் அவ்வாறே. இதனை அறிந்தால், பையனைக் குழப்பிய ‘டவுன்’ என்பதும் எளிதாகிவிடும். ‘கோ டவுன் திஸ் ரோடு’, ‘கோ அப் திஸ் ரோடு’, ‘கோ அலாங் திஸ் ரோடு’ என்னும் மூன்றும் பேச்சு வழக்கில் பெரும்பாலும் ஒன்றே. மேடும் பள்ளமும் இருந்தால்தான் மேலே, கீழே என்பதற்கு அதன் சொற்பொருள். சமதரையில் ‘டவுன்’ என்றால் ‘இவ்வழியே’ என்று கொள்க. அந்தச் சீன முதியவர் சொன்னது முற்றிலும் சரியான ஆங்கிலமே. பிழை அவரிடமும் இல்லை, பையனிடமும் இல்லை.

‘அஹெட்’ என்பதற்கு வருவோம். ‘ஹெட்’ என்றால் தலை. தலை நோக்கும் பக்கம், அதாவது முன்பக்கம். இது முதலில் மாலுமிகளின் சொல்லாகவே பெருவழக்குப் பெற்றது. கப்பலின் முன்பக்கம் ‘அஹெட்’. அதற்கு எதிராகப் பின்பக்கம் ‘அஸ்டெர்ன்’. பின்னோக்கிச் செலுத்துக என்பதற்கு அவர்கள் ‘கோ அஸ்டெர்ன்’ என்பார்கள். மாணவர்களே, இச்சொல்லை நீங்கள் கேட்டதே இல்லை என்று எண்ணுகிறீர்களா? நேற்று மாலை பழலாரி பின்னால் நகர்ந்தபோது உதவியாள் என்ன கத்தினார்? ‘கோஸ்தான்! கோஸ்தான்!’ என்றல்லவா? மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மலாய்க்காரர், சீனர், தமிழர் அனைவரும் வழங்கும் அந்தச் சொல் ‘கோ அஸ்டெர்ன்’ என்பதன் திரிபேயாகும். கப்பலிலிருந்து இறங்கி லாரியில் ஏறிய சொல் அது. ஆக, ‘அஹெட்’ என்பதற்கு எதிர்ச்சொல்லை நீங்கள் எழுதப் படிக்கத் தெரியுமுன்னரே கற்றுவிட்டீர்கள்.

‘ஃபார்வர்ட்’ என்பதும் முன்னோக்கி என்றே பொருள்படும். அதனால் அதனை ‘ஸ்ட்ரெயிட் அஹெட்’ என்பதற்கு மாற்றாகச் சிலர் வழங்குகின்றனர். அது பொருந்தாது. வரிசையில் நிற்பவரை ஓரடி முன்னே வரச் சொல்லவும், லாரியைச் சற்று முன்னுக்கு நகர்த்தச் சொல்லவும் ‘ஃபார்வர்ட்’ ஏற்றது. ஒரு கிலோமீட்டர் தூரத்துக் கோயிலுக்கு வழி சொல்ல ஏற்றதன்று. ‘ஆன்வர்ட்’ என்பது பாட்டிலும் மேடைப் பேச்சிலும் வரும். தெருவில் எவரும் சொல்வதில்லை. ‘கோ அஹெட்’ என்று மட்டும் சொன்னால், பல நேரங்களில் அது நடக்கச் சொல்வதே அன்று. ‘ஆகட்டும், தொடங்குங்கள்’ என்று இசைவளிப்பதாகும். அலுவலகத்தில் ‘உள்ளே வரலாமா, பேசலாமா’ என்று கேட்பவருக்கு இந்த விடை கிடைத்தால், எழுந்து வெளியே நடந்துவிடக் கூடாது.

எல்லாவற்றினும் கொடிய பொறி ‘ரைட்’ என்னும் சொல்லில் இருக்கிறது. ‘ரைட்’ என்றால் வலப்பக்கம், சோற்றாங்கைப் பக்கம். அதுவே ‘மிகச் சரியாக, முழுமையாக’ என்றும் பொருள்படும். ‘கோ ரைட் டு தி எண்ட் ஆஃப் தி ரோடு’ என்று ஒருவர் சொன்னால், சாலையின் கடைசி முனைவரை செல்க என்பது பொருள்; வலப்பக்கம் திரும்புக என்பதன்று. ‘ரைட் இன் ஃபிரண்ட்’ என்றால் நேர் எதிரே. திரும்பச் சொல்வதானால் ‘டர்ன்’ என்னும் வினை பெரும்பாலும் உடன் வரும். அது வராவிடில் மீண்டும் ஒருமுறை கேட்டுக்கொள்வதில் இழுக்கில்லை.

இனி, ஒரே பொருளுடைய சொற்கள் ஒன்றற்கொன்று மாற்றாக எப்பொழுதும் நில்லா என்பதற்கு, அன்று நாம் நடந்த வழியிலேயே ஒரு சான்று இருந்தது. தேக்கா நிலையத்தை ஒட்டியுள்ள தெரு பஃபலோ ரோடு. அதற்கு அடுத்த தெரு கெர்பாவ் ரோடு. ‘பஃபலோ’ என்பது ஆங்கிலம். ‘கெர்பாவ்’ என்பது மலாய். இரண்டிற்கும் பொருள் எருமை! முற்காலத்தில் இவ்வட்டாரம் கால்நடை வாணிகத்திற்குப் பேர்பெற்றிருந்தது. அக்காலத்தின் அடையாளங்களே இப்பெயர்கள். அண்மையிலுள்ள மகப்பேற்று மருத்துவமனையைக் ‘கே.கே.’ என்று சுருக்கிச் சொல்கிறார்களே, அதன் விரிவு ‘கண்டாங் கெர்பாவ்’, அதாவது எருமைத் தொழுவம். அப்பெயர் தாங்கிய மருத்துவமனையில் 1966-ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன என்பது ஒரு வியப்பான செய்தி. அது நிற்க. பஃபலோ ரோட்டில் உள்ள ஒருவருக்கு எழுதும் கடிதத்தில், பொருள் ஒன்றுதானே என்று கெர்பாவ் ரோடு என முகவரி எழுதினால், கடிதம் போய்ச் சேருமா? பொருள் ஒன்று, இடம் வேறு. நம் முன்னோர் திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி என நிகண்டுகள் செய்து ஒரு பொருளுக்குரிய பல சொற்களைத் தொகுத்து வைத்தனர். ஆங்கிலத்தில் ரோஜே என்பவர் தொகுத்த சொற்களஞ்சியம் 1852-இல் வெளிவந்தது. இவை சொற்களைச் சுற்றமாகக் கூட்டி வைக்கின்றன. எந்தச் சொல் எந்தத் தெருவில் குடியிருக்கிறது என்பதை நடந்து பார்த்தே அறிய வேண்டியுள்ளது.

இடத்தை விட்டுக் காலத்திற்கும் இச்சொல் தாவுகிறது. ‘ஸ்ட்ரெயிட் அவே’ என்றால் ‘உடனே’. ‘ஸ்ட்ரெயிட் அஹெட்’ என்பதோடு இதனைக் குழப்புவோர் பலர். மலாயிலும் ‘தெருஸ்’ என்பதற்கு நேரே என்றும் உடனே என்றும் இரு பொருளும் உண்டாதலால், மலாய் அறிந்த நமக்கு இது கடினமாக இருக்கக்கூடாது. ‘ஸ்ட்ரெயிட் டு’ என்பது இவற்றினும் வேறு. இடையில் எங்கும் நிற்காமல், நேரடியாக என்பது அதன் கருத்து. ‘கோ ஸ்ட்ரெயிட் ஹோம்’ என்று பள்ளி விட்டதும் சொல்கிறோம். உங்கள் வீட்டிற்குப் போகும் பாதையில் மூன்று வளைவுகள் உள்ளன. ஆயினும் கடையில் நிற்காமல் சென்றால் நீங்கள் ‘ஸ்ட்ரெயிட்’ ஆகத்தான் சென்றீர்கள்.

நம் பெற்றோர் ஒருவர் இவ்விடத்தில் பட்ட பாட்டை, அவர் இசைவுடன் எழுதுகிறோம். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், மேற்பார்வையாளர் அவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, ‘டேக் திஸ் ஸ்ட்ரெயிட் டு தி ஆபீஸ்’ என்றாராம். நம்மவர் நடைபாதையில் நேரே நடந்தார். அது பூட்டிய கதவொன்றில் முடிந்தது. திரும்பி வந்து, அந்தப் பக்கம் அலுவலகம் இல்லை என்றார். அலுவலகம் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். முந்தின நாள் கையொப்பமிட்ட இடமே அது. தெரிந்த இடத்தை விட்டுவிட்டுச் சொன்ன சொல்லின்படி நடந்தார். அந்த வாரம் முழுவதும் உடன் வேலை செய்தவர்கள் அவரை ‘ஸ்ட்ரெயிட்’ என்றே அழைத்தனராம். இப்போது அதனைச் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார். முதல் வாரத்தில் அவர் சிரித்திருப்பார் என்று நாம் எண்ணவில்லை. அவரும் நம்மிடம் நான்காம் ஆண்டில் அம்புக்குறிப் பாடம் கற்றவரே.

இலக்கணத்தில் இரண்டு குறிப்புகள் போதும். ‘ஸ்ட்ரெயிட்’ என்பது வினையடையாகவும் அப்படியே நிற்கும். ‘லி’ சேர்த்து ‘ஸ்ட்ரெயிட்லி’ என்று எழுதுவது இக்கால வழக்கன்று. ‘கோ டு ஸ்ட்ரெயிட்’ என்பதும் பிழை. ஊர்ப்பெயருக்கு முன் வரும் ‘டு’ இங்கு வாராது. ‘கோ ஸ்ட்ரெயிட் ஸ்ட்ரெயிட்’ என்று இரட்டித்துச் சொல்வதைச் சிங்கப்பூரிலும் நம் நாட்டிலும் கேட்கலாம். நாம் ‘நேரா நேரா போ’ என்பது போன்றதுதான். பேச்சில் பொருள் விளங்கிவிடும்; தேர்வுத்தாளில் மதிப்பெண் கிடைக்காது.

இனி, அந்த அம்மையாருக்கு நாம் எவ்வாறு சொல்லியிருக்க வேண்டும்? திசையைச் சொன்ன நாம் எல்லையைச் சொல்லவில்லை. ‘எதுவரை’ என்பது இல்லாத ‘நேரே’ முடிவற்ற ‘நேரே’ ஆகும். எல்லை சொல்ல ஆங்கிலத்தில் ‘அன்ட்டில்’, ‘ஆஸ் ஃபார் ஆஸ்’ என்பன உள. ‘அன்ட்டில் யூ சீ’ என்பதே சரி, நாம் தமிழில் ‘காணும்வரை’ என்று எதிர்காலத்தில் நினைப்பதால் ‘அன்ட்டில் யூ வில் சீ’ என்று எழுதத் தோன்றும், எழுதற்க. ஆனால் அன்று மிகவும் தேவைப்பட்ட சொல் ‘பாஸ்ட்’ என்பதே. ‘கோ பாஸ்ட்’ என்றால் கண்டும் நிற்காமல் அதனைத் தாண்டிச் செல்க என்பது. நாம் அச்சாலையைப் பலமுறை கண்டவராதலால் நம் மனக்கண்ணில் பெருமாள் கோயில் ஒன்றே நின்றது. அவர் அதனை முதன்முறை காண்பவர். அவருக்கு முன் முதலில் வரக்கூடியது எது என்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை. வழி சொல்பவர் தம் கண்ணால் பார்த்துச் சொல்கிறார். கேட்பவரோ தம் காலால் நடந்து பார்க்கிறார்.

அன்று வழி தவறிய அந்த மாணவனையே, ஆண்டு இறுதியில் கரும்பலகைக்கு அழைத்து அவ்வழியை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னோம். சிறிது நேரம் எண்ணிவிட்டு எழுதினான்: ‘கோ ஸ்ட்ரெயிட் அலாங் சிராங்கூன் ரோடு. யூ வில் சீ எ டெம்பிள் ஆன் யுவர் லெஃப்ட். டோண்ட் ஸ்டாப். கோ பாஸ்ட் இட். கீப் கோயிங் அன்ட்டில் யூ கம் டு தி செகண்ட் டெம்பிள்.’ ‘டோண்ட் ஸ்டாப்’ என்பதன் கீழ் இரண்டு கோடுகள் இழுத்தான். நாம் அதில் ஒன்றை மட்டும் சேர்த்தோம்: இரண்டாவது கோயிலும் இடப்பக்கமே என்பது.

ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்க்குப் பயிற்சி: நம் தோட்டத்திற்கு முதன்முறையாக வரும் ஒருவர் பள்ளி வாயிலில் நிற்பதாகக் கொள்க. அங்கிருந்து தோட்டத்து மருந்தகத்திற்குச் செல்லும் வழியை ஆங்கிலத்தில் ஆறு வாக்கியங்களில் எழுதுக. ‘ஸ்ட்ரெயிட்’ என்பதை ஒருமுறைக்கு மேல் எழுதலாகாது. இடையில் இரண்டு மாரியம்மன் மேடைகள் இருப்பதை மறவாதீர். எழுதிய தாளை வீட்டில் அம்மாவிடம் தமிழில் படித்துக் காட்டி, அதன்படி அவர் சரியாக மருந்தகத்திற்குப் போய்ச் சேர்வாரா என்று கேட்டு, அவர் சொன்னதையும் தாளின் கீழே எழுதிக்கொண்டு வருக.